இரண்டு முறை போட்ட ஐம்பது அடிப் பாதை: வாசலுக்குக் கொங்கிறீட் வாங்குமுன் கேட்க வேண்டியவை

என் சித்தப்பாவின் வீடு மாத்தளை மாவட்டத்தில், இறத்தோட்டைக்கு மேலே ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. பிரதேச சபை வீதியிலிருந்து வாசலுக்கு இறங்கும் பாதையின் நீளம் ஐம்பது அடி. மற்றவர்களுக்கு அது அரை நிமிட நடை. சித்தப்பாவுக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 இல் முள்ளிவாய்க்காலில் இழந்தார். செயற்கைக் காலோடு அந்தச் சரிவில் இறங்குவது அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கு. எந்த இடத்தில் கால் வைப்பது, எங்கே கம்பை ஊன்றுவது, மழை வந்தால் வெளியே போவதா வேண்டாமா என்று பார்த்துப் பார்த்துத்தான் வாழ்ந்தார்.

2022 நவம்பரில், மழை விட்ட ஒரு காலையில், அந்தப் பாதையில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவர் வழுக்கியது சேற்றில் இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன்னர் போட்ட புதிய கொங்கிறீட்டில்தான். அதன் மேல்தோல் உரிந்து, நடுவில் வெடித்து, ஒரு பக்கம் தாழ்ந்துபோயிருந்தது. தங்கச்சி ஆடைத் தொழிற்சாலைச் சம்பளத்தில் சீட்டுப் பிடித்து எடுத்த காசு அது.

"ஒத்தக் காலுக்காகப் போட்ட ரோட்டும்மா. அந்த ஒத்தக் காலையும் வாரி விட்டுருச்சு," என்று சிரித்தபடி சொன்னார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

அந்தப் பாதையை 2024 இல் மறுபடி போட்டோம். இடையில் ஒன்றரை வருடம் நான் மேசன்மாரிடமும், கல் குவாரியில் வேலை செய்பவர்களிடமும், ஒரு சிவில் பொறியியலாளரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் படித்தது ஊடகத்துறை, கட்டட வேலை அல்ல. ஆனால் காசு கொடுக்கும் ஆள் என்ன கேட்க வேண்டும் என்பதை யாரும் படித்துக்கொள்ளலாம். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு பாதையை இரண்டு முறை போடும் வசதி இல்லை.

சீமெந்து கிடைத்தாலே போதும் என்றிருந்த காலம்

சித்தப்பா பிறந்தது இதே பகுதியில் ஒரு தோட்டத்து லயத்தில். 1977 வன்செயலுக்குப் பிறகு அவருடைய குடும்பம் வவுனியாவுக்குப் போனது. பிறகு கிளிநொச்சி, அதன் பிறகு மெனிக்பாம் முகாம். 2013 இல் திரும்பி வந்து, தோட்டத்து எல்லைக்கு வெளியே 12 பேர்ச்சஸ் காணி வாங்கினார். என் அம்மாவின் குடும்பம் 1983 ஜூலையில் மாத்தளை நகரம் எரிந்தபோது வடக்கே போனது. இரண்டு குடும்பங்களும் போனதும் வந்ததும் ஏ-9 வீதியில்தான். அதற்கும் முன்னர் எங்கள் மூதாதையர் தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்ததும் ஏறத்தாழ இதே திசையில். 2023 இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம், ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில்தான் முடிந்தது.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்த எல்லோருக்கும் சீமெந்து பற்றி ஒரு ஞாபகம் இருக்கும். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் தடுக்கப்பட்ட பொருட்களில் சீமெந்தும் ஒன்று. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை யுத்தத்தால் மூடப்பட்டதும் அதே 1990 இல். தங்கள் ஊர் மண்ணிலிருந்தே சீமெந்து செய்த மக்கள், ஒரு மூடைக்காக அலைந்த காலம் அது. கிடைத்த மூடை கட்டிபட்டிருந்தாலும் உடைத்து அரித்துப் பாவித்தோம். தரம் பற்றிக் கேட்பதற்கு அப்போது இடமே இருக்கவில்லை.

அந்தப் பழக்கம் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை என்று நினைக்கிறேன். 2022 ஜூனில் அந்த ஒப்பந்தக்காரர், "12 மூடையில் முடித்துத் தருகிறேன்" என்று சொன்னபோது சித்தப்பாவுக்கு அது நல்ல செய்தியாகத்தான் கேட்டது. 2021 ஒக்டோபரில் சீமெந்துக்கான விலைக் கட்டுப்பாட்டை அரசாங்கம் நீக்கியது. அதற்கு முன் ஆயிரம் ரூபாவை ஒட்டியிருந்த 50 கிலோ மூடை, 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. குறைந்த மூடையில் முடிப்பவர்தான் நல்ல மேசன் என்று தோன்றியதில் வியப்பில்லை.

உடைந்த துண்டு சொன்ன கணக்கு

சித்தப்பா விழுந்த பிறகு, உக்குவளையைச் சேர்ந்த வயதான பாஸ் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் உடைந்த ஒரு துண்டை எடுத்து ஓரத்தை அளந்தார். மூன்று அங்குலம். விரல் நகத்தால் சுரண்டினார், மணல் உதிர்ந்தது. பிறகு நிலத்தில் குச்சியால் எழுதிக் காட்டினார்.

பாதை 50 அடி நீளம், 6 அடி அகலம். அதாவது 300 சதுர அடி. மூன்று அங்குலத் தடிப்பு என்றால் 75 கன அடி கொங்கிறீட். வெளியில் வெயில், மழை, வண்டி எல்லாம் தாங்க வேண்டிய கலவைக்கு 75 கன அடிக்கு ஏறத்தாழ 17 மூடை வேண்டும். போட்டது 12. ஐந்து மூடை குறைவு. அன்றைய விலையில் பதினைந்தாயிரம் ரூபா மிச்சம் பிடித்ததற்காக முழுப் பாதையும் போனது.

சீமெந்து மட்டும் காரணம் அல்ல. கலவையில் தண்ணீர் கூட. அடியில் மண் இறுகவில்லை. தடிப்பு போதாது. வெடிப்பதற்கு இடம் விட்டு வெட்டவில்லை. மேலே உலர்ந்த சீமெந்தைத் தூவி மினுக்கியிருந்தார்கள். போட்ட மறுநாளிலிருந்து யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. இந்த ஆறில் எதையும் நாங்கள் அன்று கேட்கவில்லை, கேட்கத் தெரியவும் இல்லை.

மூடையில் பார்க்க வேண்டியவை

இலங்கையில் விற்கும் சாதாரண போர்ட்லண்ட் சீமெந்துக்கான தரக்குறி எஸ்எல்எஸ் 107. சாம்பல் போன்ற பொருட்கள் சேர்த்த கலப்புச் சீமெந்துக்கு எஸ்எல்எஸ் 1247. இரண்டிலும் நல்ல கொங்கிறீட் போடலாம். கலப்புச் சீமெந்து கொஞ்சம் மெதுவாக இறுகும், அதனால் கூடுதல் நாட்கள் ஈரம் காக்க வேண்டும். காலப்போக்கில் நீர் புகாத தன்மையில் அது நன்றாகவே நிற்கும்.

கவனிக்க வேண்டியது மேசன்றி சீமெந்து. அது கல் கட்டுவதற்கும் பூச்சு வேலைக்கும் உரியது. விலை குறைவு என்று அதை வாங்கிப் பாதை போடக் கூடாது. மூடையில் எழுதியிருப்பதை வாசிக்காமல் ஏற்றி விடாதீர்கள்.

அடுத்தது உற்பத்தித் திகதி. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மூடையை வேண்டாம் என்று சொல்லலாம். மலையகத்து ஈரத்தில் அதற்கு முன்பே கட்டிபடும். மூடையின் மூலையை அழுத்திப் பாருங்கள், கல் போல இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெறும் தரையில் வைக்காமல், பலகைமேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள்.

பற்றுச்சீட்டு வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிட 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பற்றுச்சீட்டு இல்லாமல் அந்த இலக்கத்தால் பெரிய பயன் இல்லை.

மணலும் கல்லும்

மணலை நாங்கள் கியூப் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. டிப்பரில் வந்து கொட்டிய பிறகு திருப்பி அனுப்புவது கஷ்டம், ஆகவே கொட்டுமுன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல், அதற்கு மேல் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி இரண்டு மூன்று மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் தங்கும், அதன்மேல் சேறு தனிப் படையாக நிற்கும். அந்தப் படை மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் அந்த மணல் வேண்டாம். டிப்பர்காரர் காத்திருக்க மாட்டார் என்றால், முதல் நாளே போய் ஒரு பை மணல் எடுத்து வந்து பாருங்கள். எங்கள் முதல் பாதைக்கு வந்த மணலில் கொஞ்சம் வீட்டின் பின்னால் மிஞ்சிக் கிடந்தது. அதைப் போத்தலில் போட்டுப் பார்த்தபோது கால்வாசி சேறு.

ஆற்று மணல் அகழவும் ஏற்றவும் புவிச்சரிதவியல் ஆய்வு மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி வேண்டும். இரவில் மலிவாக வரும் மணலுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றங்கரை இடிந்தால் அதுவும் எங்கள் தலையில்தான். குவாரியில் அரைத்த மணலும் இப்போது கிடைக்கிறது. தூசு கூடுதலாக இல்லாமல் பார்த்து எடுத்தால் பாதைக்கு அது போதும்.

கல்லுக்கு முக்கால் அங்குலக் கருங்கல். முனை முனையாக, கையில் ஒட்டும் மண் இல்லாமல் இருக்க வேண்டும். மண் ஒட்டிய கல்லைச் சீமெந்து பிடிக்காது. சந்தேகம் என்றால் குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டுப் பாவியுங்கள்.

ஒரு கியூப் கொங்கிறீட்டின் கணக்கு

வீட்டுப் பாதைக்கு நான்கு அங்குலத் தடிப்பு. நடப்பதற்கு, மோட்டார் சைக்கிளுக்கு, முச்சக்கரவண்டிக்கு, சின்னக் காருக்கு இது போதும். டிப்பரோ லொறியோ ஏறும் என்றால் ஐந்து, ஆறு அங்குலம் வேண்டும்.

50 அடி நீளம், 6 அடி அகலம், 4 அங்குலத் தடிப்பு என்றால் சரியாக 100 கன அடி. ஒரு கியூப். 30 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள முற்றத்துக்கும் இதே கணக்குத்தான்.

ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று கல் என்ற கலவையில் ஒரு கியூப் கொங்கிறீட்டுக்குச் சீமெந்து 23 மூடை, மணல் 42 கன அடி, கல் 84 கன அடி வேண்டும். ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற கலவையில் ஏறத்தாழ 18 மூடை. பல மேசன்மார் கை பழகியது இந்த இரண்டாவது கலவையில்தான். நிழலில், சுமை இல்லாத வேலைக்கு அது சரி. மழைத்தண்ணீர் ஓடி, சக்கரம் உரசி, வெயிலில் காயும் மேற்பரப்புக்கு முதலாவதுதான் பாதுகாப்பு.

அளப்பதற்குத் தாச்சியை நம்ப வேண்டாம். ஒரு தாச்சி குவித்து வரும், அடுத்தது தட்டையாக வரும். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், 15 அங்குல உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி அடியுங்கள். அதன் கொள்ளளவு ஒரு சீமெந்து மூடையின் அளவுதான். ஒரு மூடைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி கல். சித்தப்பா கதிரையில் உட்கார்ந்து பெட்டிகளை எண்ணிக் கொப்பியில் கோடு போட்டார். கொப்பியைக் கண்டதும் யாருக்கும் கணக்கில் சந்தேகம் வரவில்லை.

தண்ணீர்தான் எதிரி, தண்ணீர்தான் மருந்து

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூடை சீமெந்துக்குத் தண்ணீர் 25 லீற்றருக்கு மேல் போகக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைவு.

தண்ணீர் கூடினால் கலவை இளகி ஓடும், பரப்புவது சுலபம், இடுப்பு வலிக்காது. அதனால்தான் வேலையாட்கள் ஊற்றுகிறார்கள். ஆனால் சீமெந்து எடுத்துக்கொண்டது போக மீதித் தண்ணீர் காய்ந்து போகும்போது உள்ளே நுண்ணிய துளைகளை விட்டுப் போகிறது. 25 லீற்றருக்குப் பதில் 32, 33 லீற்றர் ஊற்றினால் பலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, சில வேளை அதற்கு மேலும், குறைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய மூடையில் கால்வாசியை வெளியே கொட்டியதற்குச் சமம். மண்வெட்டியில் அள்ளினால் குவியலாக நிற்க வேண்டும், கஞ்சி போல வழியக் கூடாது. ஓரத்தில் தனியாகத் தண்ணீர் பிரிந்து ஓடினால் கூடிவிட்டது என்று அர்த்தம். 25 லீற்றர் அளவுக்கு ஒரு கேனில் கோடு போட்டு வையுங்கள், ஹோஸ் குழாயைக் கலவைக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

இறுகிய பிறகு நிலைமை தலைகீழ். அப்போது தண்ணீர் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. சீமெந்து காய்ந்து பலம் பெறுவதில்லை, ஈரத்தோடு சேர்ந்து வேதிமாற்றம் நடந்து பலம் பெறுகிறது. போட்ட மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள், கலப்புச் சீமெந்து என்றால் பத்து நாளுக்கு மேல், மேற்பரப்பு காயவே கூடாது. தட்டையான இடமென்றால் ஓரத்தில் மண் அணைத்துத் தண்ணீர் கட்டலாம். சரிவில் தண்ணீர் நிற்காது, ஆகவே சாக்கு விரித்து நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் தேயிலைக் கொழுந்துச் சாக்குகள் விரித்தோம். சித்தி காலையிலும் மதியமும் மாலையிலும் நனைத்தார்.

ஏழு நாளில் மூன்றில் இரண்டு பங்கு பலம் வரும். முழுப் பலத்துக்கு 28 நாள் கணக்கு. முதல் வாரம் வண்டி ஏற்ற வேண்டாம், பாரமான வண்டி என்றால் மாதம் பொறுங்கள்.

அடியில் உள்ள நிலம்

கொங்கிறீட் எவ்வளவு பலமாக இருந்தாலும், அடியில் மண் இறங்கினால் வெடிக்கும். மேலுள்ள இருண்ட மண்ணையும் வேரையும் வெட்டி எடுத்துவிட்டு, கிரவலோ உடைகல்லோ நான்கு அங்குலம் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்து இறுக்க வேண்டும். முச்சக்கரவண்டியை ஏற்றிப் பார்த்தால் சக்கரத் தடம் பதியக் கூடாது. பழைய பாதையை உடைத்த துண்டுகளையே நாங்கள் அடியில் போட்டு இறுக்கினோம். அதற்கு மேல் பொலித்தீன் விரித்தால் கலவையின் ஈரத்தை மண் குடிக்காது.

மலைச்சரிவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கொங்கிறீட் தண்ணீரை உறிஞ்சாது. முன்பு மண்ணில் இறங்கிய மழையெல்லாம் இனி பாதையில் ஓடி, முடியும் இடத்தில் கொட்டும். அது உங்கள் அத்திவாரமாக இருக்கலாம், கீழ்வீட்டுக்காரரின் பின்சுவராகவும் இருக்கலாம். ஆகவே பாதையோடு சேர்த்துக் கானும் போட வேண்டும். கானுக்குக் காசு இல்லையென்றால் பாதையின் நீளத்தைக் குறைத்தாவது கானைப் போடுங்கள். பாதையைக் கானின் பக்கம் கொஞ்சம் சாய்த்து, 6 அடி அகலத்துக்கு ஒன்றரை அங்குலம் தாழ்வாகப் போட்டால் தண்ணீர் தேங்காது.

மாத்தளை, மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் எங்கும் மண் சரிந்ததைப் பார்த்தோம். பாதைக்காக மலையை வெட்டுவதாக இருந்தால் முதலில் கிராம உத்தியோகத்தர் மூலமோ பிரதேச செயலகம் மூலமோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைக் கேளுங்கள். வெட்டிய பிறகு கேட்பதில் பயன் இல்லை.

வெட்டு, தும்புத்தடி, கைப்பிடி

கொங்கிறீட் சுருங்கும்போது வெடிக்கத்தான் செய்யும். எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். நான்கு அங்குலத் தடிப்புக்கு எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு குறுக்கு வெட்டு, ஒரு அங்குல ஆழத்தில். ஈரமாக இருக்கும்போதே பலகைச் சட்டம் வைத்து இந்த வெட்டை விடலாம். வெடிப்பு அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

கம்பி போட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிலம் இறுகி, வெட்டும் சரியாக இருந்தால் வீட்டுப் பாதைக்குக் கம்பி அவசியமில்லை. கம்பி வலை போட்டால் அது தடிப்பின் நடுப்பகுதியில் கட்டைமேல் நிற்க வேண்டும். தரையில் கிடக்கும் வலை ஒரு வேலையும் செய்யாது. அந்தக் காசை இன்னும் ஒரு அங்குலத் தடிப்புக்குச் செலவழிப்பது மேல்.

மேற்பரப்பை மினுக்கச் சொல்லாதீர்கள். மினுமினுப்பு வீட்டுக்குள் அழகு, வெளியில் ஆபத்து. உலர்ந்த சீமெந்தைத் தூவித் தேய்த்த தோல் ஒரு மழைக்காலத்தில் உரியும். மட்டம் பிடித்துச் சற்று இறுகியதும், தும்புத்தடியால் குறுக்காக ஒரு இழுவை இழுத்தால் போதும். அந்தக் கீறல்கள் செருப்பையும் சக்கரத்தையும் செயற்கைக் காலின் அடியையும் பிடிக்கும். செங்குத்தான இடத்தில் குறுக்கே பள்ளக் கோடுகளும் போடுங்கள்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு அடி இறக்கத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. எங்கள் வாசல் வீதியிலிருந்து எட்டு அடி தாழ்வு. விதிப்படி 96 அடி வேண்டும், எங்களிடம் 50 அடிதான். முழுமையாகச் செய்ய முடியவில்லை. நடுவில் நின்று மூச்சு வாங்க ஐந்து அடிக்கு ஒரு சமதளமும், ஒரு பக்கம் முழுவதும் இரும்புக் குழாய்க் கைப்பிடியும் வைத்தோம். யுத்தத்தில் கால் இழந்தவர்கள் இருக்கும் வீடுகள் எங்களிடம் எத்தனை! பாதை போடும் நாளிலேயே கைப்பிடிக் குழாய்க்குக் குழி விடுவது மிகச் சுலபம், பிறகு உடைத்துப் போடுவதுதான் கஷ்டம்.

ரெடிமிக்ஸ், இன்டர்லொக்

பெரிய லொறி வரக்கூடிய இடமென்றால் ரெடிமிக்ஸ் வாங்கலாம். கேட்கும்போது "நல்ல கொங்கிறீட்" என்று கேட்காமல், கிரேட் 25 என்று கேளுங்கள். லொறி வந்ததும் விநியோகச் சீட்டைப் பாருங்கள். கிரேட், கன அளவு, கலந்த நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். கலந்ததிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் கொட்டி முடிப்பது வழக்கமான எல்லை. இறுகிவிட்டது என்று சாரதி தண்ணீர் சேர்க்க விடாதீர்கள். ஒரு கியூப் போன்ற சின்ன அளவுக்கு லொறி அனுப்பும் செலவு கூடுதலாக வரும் என்பதையும் முதலே விசாரியுங்கள்.

இன்டர்லொக் கல்லுக்குத் தரக்குறி எஸ்எல்எஸ் 1425. நடைக்கும் சின்ன வண்டிக்கும் 60 மில்லிமீற்றர், பாரமான வண்டிக்கு 80 மில்லிமீற்றர் தடிப்பு. சரிவில் ஓரக் கட்டு பலமாக இல்லாவிட்டால் கற்கள் மெல்ல இறங்கும். ஆனால் அதற்கு ஒரு நன்மை உண்டு. கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

யாருடைய நிலம்?

கழற்றி எடுத்துப் போகலாம் என்பது எங்கள் மக்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. சித்தப்பாவின் காணிக்கு உறுதி இருக்கிறது. மேலே தோட்டத்தில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாக வாழும் லயத்தின் வாசலில் ஒரு மூடை சீமெந்து போடவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. 2023 ஆகஸ்ட்டில், நடைபயணம் மாத்தளையில் முடிந்து அதிக நாள் ஆகுமுன், இதே மாவட்டத்தின் எல்கடுவ ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட அதிகாரி ஒருவர் அடித்து நொறுக்கிய காணொளியை நாடே பார்த்தது.

ஆகவே உறுதி இல்லாத இடத்தில் சேமிப்பைக் கொங்கிறீட்டாக ஊற்றுமுன் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி அனுமதி துரை மாறும்போது மாறும். அது கிடைக்காவிட்டால் கல் படியோ இன்டர்லொக்கோ யோசிக்கலாம்.

பொது வீதியிலும் இதே கதை. 1987 ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. வரி, வாக்கு எல்லாம் இருந்தும் வீதி மட்டும் தோட்டத்து எல்லையில் நின்றது அதனால்தான். 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது சில இடங்களில் கொங்கிறீட் வீதி வருகிறது. வந்த வீதி ஒரு வருடத்தில் பெயர்ந்தால், வந்ததே பெரிய காரியம் என்று பேசாமல் இருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் மதிப்பீட்டையும் அளவைப் பட்டியலையும் கேட்கலாம். தடிப்பு எத்தனை அங்குலம், எந்த கிரேட், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் இருக்கும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். உடைந்த ஓரத்தில் அளவுநாடா வைத்தால் மீதி தெரிந்துவிடும்.

எழுதி வாங்க வேண்டியவை

மேசனிடமோ ஒப்பந்தக்காரரிடமோ ஒரு தாளில் ஏழு விஷயங்களை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: நீளம் அகலம், தடிப்பு, கலவை விகிதம், மூடை எண்ணிக்கை, எத்தனை அடிக்கு ஒரு வெட்டு, ஈரம் காப்பது யார் பொறுப்பு, கொடுப்பனவு எப்போது எவ்வளவு. கடைசி ஐந்தில் ஒரு பங்கை ஈரம் காக்கும் நாட்கள் முடிந்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். உக்குவளை பாஸ் அந்தத் தாளை வாசித்துவிட்டு, எட்டாவதாக ஒன்றைத் தானே சேர்த்தார்: மழை வந்தால் அன்று வேலை இல்லை.

2024 மாசியில், காலை ஆறரைக்குத் தொடங்கி, கீழிருந்து மேலாக, 23 மூடையில் பாதையைப் போட்டு முடித்தோம். டித்வா மழைக்குப் பிறகு போன் வேலை செய்யத் தொடங்கியதும் முதலில் சித்தப்பாவுக்குத்தான் எடுத்தேன். கான் நிரம்பி ஓடியதாகவும், பாதையில் ஒரே ஒரு வெடிப்பு விழுந்ததாகவும் சொன்னார்.

"எங்க சித்தப்பா?"

"நீங்க வெட்டி விட்ட கோட்டுலதான்ம்மா. அது பாட்டுக்கு இருக்கு. நா கடைக்கு ஏறிப் போயிட்டு வந்துட்டேன்."